மானிட்டரை மறைக்கும் தூண்

ஜூன் 3, செவ்வாய்

போன கிறிஸ்துமஸுக்குச் சபையில் கொடுத்த டைரிக்கு இன்றுதான் வேலை வந்தது. எந்த இடத்தில் எந்த ஒலியை வாசித்தேன் என்று குறித்துவைக்கும்படி மித்ரா சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரமும் அதே ஒலி வர வேண்டுமாம். மித்ரா நான் வாசிக்கும் டிவி வினாடிவினா நிகழ்ச்சியின் இயக்குநர். வயது இருபத்தெட்டு. மைக்கில் அவள் ஒரு சத்தம் போட்டால் நாற்பது பேர் ஓடுகிறார்கள். ஆகவே இது வேலைக் குறிப்பு மட்டுமே. ஊர்வம்பு, சொந்தக் கதை எதுவும் இதில் வராது.

யோசிக்கும் இசை: மணி ஒலி, எண் 14. சரியான விடை: பித்தளை ஒலி, எண் 61. தப்பான விடை: புல்லாங்குழல், எண் 73.

முடிந்தது. ஆனால் பக்கத்தில் நிறைய இடம் இருக்கிறது.

நிகழ்ச்சிக்குப் பெயர் 'எட்டுச் சுற்று'. கேள்வி கேட்டதும் மேடையில் கடிகாரம் ஓடாது; நாங்கள் வாசிப்போம். நான்கு தட்டு ஒரு சுற்று. எட்டுச் சுற்று முடிந்ததும் சிம்பலில் 'ஜிங்' என்று ஓர் அடி. அதற்குள் போட்டியாளர் விடை சொல்லிவிட வேண்டும். விநாடிக்கு ஒரு தட்டு, மொத்தம் முப்பத்திரண்டு விநாடி. எல்லா நிகழ்ச்சியிலும் எண்கள் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து ஜனங்களுக்கு அலுத்துவிட்டது என்று மித்ரா இப்படி யோசித்திருக்கிறாள். நல்ல யோசனைதான், நேரில் சொல்லவில்லை. இப்போதே அவளுக்குத் தலை கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது.

செட் ஓர் அரண்மனை. பளிங்குத் தூண்கள் எல்லாம் பிளைவுட். செட் பொறுப்பாளர் பீர் பாய் காலையிலேயே வந்து, எதிலும் சாய்ந்துவிட வேண்டாம், பெயின்ட் காயவில்லை என்று எச்சரித்துவிட்டுப் போனார். எங்களுக்குப் பின்னால் வயலினும் செல்லோவும் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு கறுப்பு உருவங்கள் நிற்கின்றன. அவையும் பிளைவுட்தான். டிவியில் பார்ப்பவர்களுக்குப் பதினான்கு பேர் கொண்ட வாத்தியக் குழு. உண்மையில் இருப்பது இரண்டு பேர்: கீபோர்டுக்கு நான், தாளம் தட்டும் ரிதம் பேடுக்கு வேதாசலம் என்பவர். அந்தப் பன்னிரண்டு பேரும் இன்று ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. எங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

வேதாசலத்தின் காதில் ஒரு கருவி. அதில் 'கிளிக் கிளிக்' என்று சரியான காலப்பிரமாணம் கேட்டுக்கொண்டிருக்கும். அவர் அதைக் கேட்டுத் தட்ட, நான் அவரைக் கேட்டு வாசிக்க வேண்டும். அந்தக் கருவிக்கு இடுப்பில் மாட்டும் பெட்டி ஒன்றுதான் இருக்கிறதாம். ஆக, தாளம் முழுக்க முழுக்க அவர் பொறுப்பு. எழுதிவைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 4, புதன்

வேதாசலம் என்னை 'டீச்சர்' என்கிறார். அயனாவரத்தில் பதினான்கு பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தருகிறேன் என்று வாய்தவறிச் சொன்னது தப்பாகிவிட்டது. நாற்பத்தாறு வயதில் 'மேடம்' என்று கூப்பிட்டால் பிடிக்கவில்லை, 'ஹெலன்' என்று கூப்பிட்டாலும் பிடிக்காது. 'டீச்சர்' இருந்துவிட்டுப் போகட்டும்.

இருபது வருடம் மெல்லிசைக் குழுவில் கல்யாணக் கச்சேரி வாசித்தவராம். படப்பிடிப்பு இடைவேளையில் சட்டைப் பையிலிருந்து மிக்சர் எடுத்துச் சாப்பிடுகிறார். பொட்டலமாகக்கூட இல்லை. நேராகப் பையிலிருந்து.

ஜூன் 11, புதன்

இரண்டாவது நிகழ்ச்சியின் நடுவில் வேதாசலம் காதுக் கருவியைப் பிடுங்கினார், ஊதினார், உள்ளங்கையில் தட்டினார், மறுபடி செருகிக்கொண்டார். காதில் அழுக்கு போலும். மிக்சர் சாப்பிட்ட கையால் தொட்டால் வேறென்ன ஆகும்?

சாப்பாட்டு நேரத்தில் பீர் பாயிடம் போய், எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கும் தூணை ஓர் அடி பின்னால் தள்ளச் சொன்னார். கேட்டால், தூண் மானிட்டரை மறைக்கிறதாம். மானிட்டர் எதிர்ப்பக்கம் அல்லவா இருக்கிறது? எனக்கு இடதுபுறம் உட்கார்ந்துகொண்டு வலதுபுறம் திரும்பி எந்த மானிட்டரைப் பார்க்கிறார்? கண்ணாடி மாற்ற வேண்டிய வயது. பாய் முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார்.

ஜூன் 17, செவ்வாய்

ஆரணியிலிருந்து சகுந்தலா என்று ஒரு தையற்காரம்மா. வீட்டில் மெஷின் வைத்து ரவிக்கை தைக்கிறவர். கையிலிருந்த கைக்குட்டையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே யோசித்தார். விடை நாக்கு நுனியில் நிற்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது. எட்டாவது சுற்றின் கடைசித் தட்டில் சொல்லிவிட்டார். பித்தளை, 61. மித்ரா மைக்கிலேயே அழுதாள். யாராவது மேடையில் அழுதால் அவளுக்கு நிகழ்ச்சி நன்றாக வந்துவிட்டது என்று அர்த்தம்; இன்று அவளே முந்திக்கொண்டாள்.

எட்டுச் சுற்றுதான் வாசித்தோம். நான் எண்ணினேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் வேதாசலம் என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

கீபோர்டில் ஒரு கட்டை ஒட்டிக்கொள்கிறது. ஈரத்துணியால் துடைத்தேன். கட்டைக்கடியில் ஓமப்பொடி.

ஜூன் 24, செவ்வாய்

தூண் இன்னும் அரை அடி நகர்ந்தது. இனிமேல் நகர்த்தினால் தூண் கேன்டீனுக்குப் போய்விடும் என்று பாய் சொன்னார். கேமராக்காரரும் முகத்தைச் சுளித்தார். வேதாசலம் இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டுச் சமாளித்துவிட்டார்.

மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கேதான் மின்விசிறி இருக்கிறது. அவரே சமைத்த வற்றல் குழம்பு. மனைவி தவறி ஆறு வருடம் ஆகிறதாம், மகளை ஓசூரில் கொடுத்திருக்கிறாராம். குழம்பில் உப்பு தூக்கல். இரண்டு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டேன், ஒரு தடவையில் உப்பு சரியாகத் தெரியாது.

ஜூன் 25, புதன்

நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர், செங்கோடன். பேச்சில் திக்கல் உண்டு. விடை அவருக்கு இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிட்டது. முகத்தில் வந்துவிட்டது, வாயில்தான் வரவில்லை. முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. நான் கட்டைகளைப் பார்த்து வாசித்தேன். எட்டு முடிவதற்குள் சொல்லிவிட்டார். அரங்கமே எழுந்து நின்றது. வேதாசலம் சிம்பலை அடிக்க மறந்துவிட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று வந்தவர் ஓர் ஆடிட்டர், பெயர் பழனியப்பன். கையில் பெரிய கடிகாரம். டீ கொண்டுவந்த ராணியம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, இதைக் குடிக்கவா கொண்டுவந்தாய், கை கழுவவா என்று கேட்டார். ராணியம்மாவுக்கு அறுபது வயது.

முதல் கேள்வியிலேயே தோற்றுவிட்டார். வாயைத் திறந்தார், 'ஜிங்' விழுந்துவிட்டது. வேதாசலம் இன்று என்னவோ அவசரத்தில் இருந்தார். எனக்கே கூடவே ஓட வேண்டியிருந்தது.

புல்லாங்குழல் இன்று மிக இனிமையாக அமைந்தது.

ஜூலை 8, செவ்வாய்

மழை. கூரை ஒழுகி, அரண்மனைத் தூணின் பளிங்கு என் வெள்ளைப் புடவை மேல் வழிந்தது. வேதாசலம் கைக்குட்டை கொடுத்தார். நீலக் கட்டம் போட்டது, மிக்சர் வாடை இல்லை. துவைத்து இஸ்திரி போட்டு அடுத்த செவ்வாய் கொடுத்துவிட வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

கைக்குட்டை எடுத்துப்போக மறந்துவிட்டேன். மற்றபடி விசேஷம் இல்லை.

ஜூலை 16, புதன்

கைக்குட்டை பையில்தான் இருந்தது. அவர் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை.

ஜூலை 23, புதன்

ஆடிட்டரின் நிகழ்ச்சி சனிக்கிழமை ஒளிபரப்பானது. அவர் வீட்டில் உட்கார்ந்து, அந்தப் பெரிய கடிகாரத்தை வைத்து அளந்திருக்கிறார். தனக்குக் கிடைத்தது இருபத்தெட்டு விநாடி, அதற்கு முந்தைய வாரங்களில் வந்தவர்களுக்கு நாற்பது வரை கிடைத்திருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சேனலுக்கு எழுதிவிட்டார். சேனலிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். எடுத்த நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் அளந்து ஒரு பட்டியல் கொண்டுவந்திருந்தார். எங்கள் இருவரையும் மித்ராவின் அறையில் நிற்கவைத்துப் படித்தார்.

லாரி ஓட்டுநர் செங்கோடன், 41. ஆரணி சகுந்தலா, 38. காது சரியாகக் கேட்காத தபால்காரர், 37. கேள்வி கேட்பவரையே இரண்டு தடவை திருத்திய கல்லூரிப் பெண், 29. ஆடிட்டர், 28. மற்றவர்கள் எல்லாம் 31, 32, 33.

இதில் என்ன ஒழுங்கு இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

கண்ணாடிக்காரர் இரண்டே வழி என்றார். முப்பத்திரண்டு விநாடிக்குப் பதிவு செய்த இசையைப் போட்டுவிட்டு எங்கள் இருவரையும் அனுப்பிவிடலாம். அல்லது தவறு யாருடையது என்று தெரிந்தால் அவர் மட்டும் போகலாம். தாளம் யார் கையில் என்று கேட்டார்.

"கிளிக் என் காதுலதான் சார் இருக்கு," என்றார் வேதாசலம். "டீச்சர் என்னைக் கேட்டுதான் வாசிக்கிறாங்க. இழுத்தது நான், ஓட்டுனது நான்."

மித்ரா என்னைப் பார்த்தாள். நான் சும்மா நின்றேன். அவர் சொன்னது உண்மைதானே? உண்மைக்கு நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

அவர் பேடைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனபோது நான் புல்லாங்குழல் 73 சரியாக ஒலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல்வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார் என்று ராணியம்மா சொன்னாள். நான் பார்க்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஒன்றும் எழுத இல்லை. பிள்ளைகள் இன்று எல்லோரும் தப்புத் தப்பாக வாசித்தார்கள்.

ஜூலை 29, செவ்வாய்

வேதாசலம் இருந்த இடத்தில் ஒரு சின்ன மெஷின். பொத்தானை அழுத்தினால் அதுவே தட்டுகிறது. மிக்சர் சாப்பிடாது. சிம்பலும் இப்போது என் கீபோர்டில் ஒரு கட்டைதான். என் காதில் புதிய கருவி, அதில் கிளிக்.

முதல் கேள்விக்கே என் இடது கை கிளிக்கோடு சண்டைக்குப் போனது. மேடையில் ஒரு கர்ப்பிணிப் பெண், நெற்றியெல்லாம் வியர்வை. இடது கை பின்னுக்கு இழுக்கிறது, கிளிக் முன்னுக்கு இழுக்கிறது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போகிறது. நாலாவது சுற்றில்தான் பிடித்து நிறுத்தினேன்.

அதற்கப்புறம் உட்கார முடியவில்லை. இடைவேளையில் ஒலிப்பதிவாளரிடம் போய், இந்தப் புதுக் கருவி சரியில்லை, வேதாசலம் வைத்திருந்த பழையதையே கொடுங்கள் என்றேன். அது எதற்கு, அது செத்து ஒன்றரை மாதம் ஆகிறதே என்றார் அவர். ஜூன் மாதமே உள்ளே வயர் அறுந்துவிட்டதாம். வேறு பெட்டி வரவழைக்கிறேன் என்று இவர் சொல்ல, வேண்டாம், இப்படியே சமாளிக்கிறேன், மித்ராவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று வேதாசலம் கேட்டுக்கொண்டாராம்.

அப்படியானால் இத்தனை நாள் எதைக் கேட்டுத் தட்டினார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பீர் பாய்க்குத் தெரிந்திருந்தது. தூண் பக்கத்தில் ஏணிமேல் நின்றுகொண்டு, பெயின்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"உங்க இடது கையப் பாத்துதான் மேடம் தட்டுனாரு. தூணு மறைக்குதுன்னு ரெண்டு வாட்டி நகத்த வச்சாரு. மானிட்டருக்குன்னா நெனச்சீங்க?"

நான் அவரைக் கேட்டு வாசித்தேன். அவர் என்னைப் பார்த்துத் தட்டினார். ஒன்றரை மாதம் தாளம் யாரிடமும் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு நாடு முழுக்க உட்கார்ந்து யோசித்திருக்கிறது.

ஜூலை 30, புதன்

யாரிடமும் இல்லை என்று நேற்று எழுதியது பொய். பட்டியலை இன்று மறுபடி பார்த்தேன். திக்குபவருக்கு 41. கைக்குட்டையை மடித்தவருக்கு 38. விரலைச் சொடுக்கியவருக்கு 28. இதில் என்ன ஒழுங்கு என்று கேட்டேனே, ஒழுங்கு என் முகத்துக்கு நேரே இருந்தது. நான் இரக்கப்பட்டபோது இழுத்திருக்கிறேன், கோபப்பட்டபோது ஓட்டியிருக்கிறேன். அந்த மனிதர் சத்தமில்லாமல் கூடவே வந்திருக்கிறார். பிறகு பழியையும் தானே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் வாய்மூடி நின்றேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஆடிட்டர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் முப்பத்திரண்டு விநாடி அவருடையது. அதில் நாலை நான் பிடுங்கிக்கொண்டேன். ராணியம்மாவின் சார்பில் தண்டனை கொடுக்க எனக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்?

இன்று கோவில்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டர், ஆறுமுகநயினார். ஏழாவது சுற்றில் அவர் கண் பிரகாசமானது. வாயைத் திறந்தார். கிளிக் என் காதில் முப்பத்திரண்டு என்றது, ஜிங்கை நானே அழுத்தினேன். அவர் பாதி வார்த்தையோடு நின்றுவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் கையைக் காட்டினார். எனக்குத்தான் பரவாயில்லை என்று இருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனையில் கீர்த்தனையை வேகமாக வாசித்துவிட்டேன் என்று போதகர் குறைப்பட்டார். சபையார் மூச்சு வாங்கிக்கொண்டு பாடினார்களாம். மதியம் பல்லாவரம் போக வேண்டியிருந்தது, அதுதான் காரணம் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

போனது கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்க.

மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை. வேதாசலம் பேடைப் பிரித்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குள்ளேயும் ஓமப்பொடி இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அரிசி டின்மேல் உட்கார்ந்துகொண்டார். டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். கிளிக் போய்விட்டது என்று ஏன் சொல்லவில்லை?

அவர் துணியை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார்.

"சொல்லியிருந்தா புதுசு குடுத்துருப்பாங்களே, டீச்சர்."

கீழே தெருவில் ஒருவன் பழைய பேப்பருக்குக் குரல் கொடுத்துக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் இரண்டு பேரும் அவனையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். இழுத்தது நான், ஓட்டியதும் நான், செவ்வாய்க்கிழமை மித்ராவிடம் சொல்லப்போகிறேன் என்றேன். வேண்டாம், ஒருத்தர் வேலையாவது இருக்கட்டும் என்றார். நான் கேட்கவில்லை. டீச்சர் என்று கூப்பிட்டால் போதுமா, சொன்ன பேச்சையும் கேட்க வேண்டும் என்றேன். சிரித்தார். ஜூன் பதினேழாம் தேதி சிரித்த அதே சிரிப்பு. அன்று எதற்கென்று தெரியாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கைக்குட்டை பையிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மித்ராவிடம் சொன்னேன். நீக்குவதானால் என்னை நீக்குங்கள், வேதாசலத்தைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். இடது கை, தூண், அறுந்த வயர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் பேனாவைக் கடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஒண்ணரை மாசம் அவர் உங்களையே பாத்துட்டு இருந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாதா மேடம்?"

நான் கட்டைகளைப் பார்த்து வாசிப்பவள் என்றேன்.

கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டாள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். ராணியம்மா கேட்காமலே டீ கொண்டுவந்தாள். நன்றாகத்தான் இருந்தது, ஆடிட்டருக்கு நாக்கு சரியில்லை. ஒரு மணி நேரம் கழித்து மித்ரா வந்து, நாளை சொல்வார்கள் என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

தீர்ப்பு வந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் எழுத்தில் ஓர் எச்சரிக்கை. இனி இரண்டு பேர் காதிலும் கிளிக். டிவித் திரை ஓரத்தில் சின்னதாகக் கடிகாரம். மீதமிருக்கும் இரண்டு நாள் படப்பிடிப்பையும் நாங்களே முடிக்கலாம். ஒரு விநாடி தவறினாலும் அடுத்த கேள்வியிலிருந்து பதிவு செய்த இசை. ஆடிட்டரைத் திரும்ப அழைத்து இன்னொரு கேள்வி கேட்கப்போகிறார்கள்.

மித்ராவின் கடிகாரம் இல்லாத நிகழ்ச்சியில் கடிகாரம் வந்துவிட்டது. அதற்கு நான்தான் காரணம். மன்னிப்புக் கேட்டேன். நாற்பத்தொரு விநாடிக்குத்தான் மேடம் ஊரெல்லாம் அழுதது, ஆனா அது நியாயமில்லைதான் என்றாள். அந்தப் பெண்ணைப் பற்றி முதல் பக்கத்தில் எழுதியதில் பாதியை அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வேதாசலம் வந்துவிட்டார். புதுச் சட்டை. பையில் மிக்சர் இல்லை, பொட்டலத்தில் கொண்டுவந்திருந்தார். எச்சரிக்கைக் கடிதத்தில் இருந்த ஒரே எச்சரிக்கை அதுதான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

எங்கள் விஷயம் வெளியானதும் கேமராக்காரர் தூணைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். உட்கார்ந்து பார்த்தால் எனக்கும் அவருக்கும் நடுவில் முழுப் பளிங்கு. அவர் முழங்கை மட்டும் தெரிகிறது.

ஆடிட்டர் வந்தார். வாசித்தோம். இரண்டு காதிலும் கிளிக், மயிரிழை பிசகவில்லை. பத்தாவது விநாடியிலேயே விடை சொல்லிவிட்டார். தப்பான விடை. மீதி இருபத்திரண்டு விநாடி அவருக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் நிகழ்ச்சி முடிந்ததும் போய், அன்றைக்கு உங்களுக்கு நான் நேரத்தைக் குறைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கடிகாரத்தைத் தடவிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பாட்டு அன்றைக்கே நன்றாகத்தான் இருந்தது என்றார். இதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதற்கப்புறம் பதினோரு கேள்வி. பதினொன்றும் முப்பத்திரண்டு. கண்ணாடிக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு மட்டும் அந்தப் பன்னிரண்டு பிளைவுட் ஆட்களோடு பதின்மூன்றாவதாக நிற்பதுபோல் இருந்தது. ஒரு தடவை, ஏழாவது கேள்வியில், முழங்கையைப் பார்த்தேன். முழங்கையில் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு?

ஆகஸ்ட் 13, புதன்

இன்று கடைசி நாள், இறுதிப் போட்டி. காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். யாரும் வரவில்லை. வேதாசலத்தின் இடத்தில் பேட் மட்டும் துணி போர்த்தி இருந்தது. பீர் பாய் தனியாக நின்று சிம்மாசனத்துக்குத் தங்கப் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

நேராக அவரிடம் போனேன். பாய், அந்தத் தூணைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று கேட்டேன்.

எதற்கு என்றார்.

மானிட்டரை மறைக்கிறது என்றேன்.

பாய் மானிட்டரைப் பார்த்தார். அது வழக்கம்போல் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது, ஆனால் நான் நகரவில்லை. அவர் பசை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எத்தன அடி மேடம்?" என்றார்.

ஓர் அடி போதும் என்றேன். அவர் குனிந்து தூணைப் பிடித்த பிறகு, ஒன்றரை என்றேன்.